புகைக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் கீழ்பென்னாத்தூர். அங்கே சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் பழைய அம்பாசடர் கார் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நேரே வண்டிக்குப் பின்பக்கம் போவார். "ரேஸ் குடுங்கண்ணே" என்பார். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சைலென்சர் குழாயிலிருந்து வரும் புகையைத் தள்ளி நின்று பார்ப்பார். காற்றில் வரும் வாடையைப் பிடிப்பார். "வண்டி ஆயில் குடிக்குதுண்ணே. ரிங் போயிருக்கும்."

ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. இரும்புக்குள் இருக்கும் ரிங் தேய்ந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? புகையின் நிறம் சொல்லியது. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பதில் வானம் வரைக்கும் போகும்.

முதலில், ஒழுங்காக ஓடும் எஞ்சினிலிருந்து என்ன வர வேண்டும் என்று பார்ப்போம். பெட்ரோலில் இருப்பவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எரியும்போது இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. கார்பன் கார்பன் டைஆக்சைடாகும். ஹைட்ரஜன் தண்ணீராகும், அதாவது நீராவியாக வெளியே வரும். இரண்டுக்கும் நிறமில்லை. அதனால் சூடான நல்ல எஞ்சினின் குழாய்க்குப் பின்னால் கண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது.

இதில் ஒரு கணக்கு உண்டு. 1 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அது முழுசாக எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடும் சுமார் 1 கிலோ தண்ணீரும் கிடைக்கும். முக்கால் கிலோ போட்டு மூன்று கிலோவுக்கு மேல் எடுத்திருக்கிறோம்! மிச்ச எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. 1 லிட்டர் பெட்ரோலை எரிக்க எஞ்சின் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புப் புகைக்கு வரும்போது தேவைப்படும்.

அந்த 1 கிலோ தண்ணீரையும் கவனியுங்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரித்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர். மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலென்சரிலிருந்து வெள்ளையாக வருவதும், குழாயின் நுனியில் சொட்டுச் சொட்டாக வடிவதும் இந்தத் தண்ணீர்தான். பெட்ரோலுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கவில்லை. தீயில் புதிதாகப் பிறந்தது. குளிர்ந்த காற்று பட்டதும் நீராவி சின்னச் சின்னத் துளிகளாகிறது. சில நிமிடத்தில் குழாய் சூடேறினால் நின்றுபோகும். சித்திரை வெயிலில் அதே கார் அதே அளவு தண்ணீரைத்தான் விடும். ஆனால் துளியாக ஆகாததால் கண்ணில் படாது. மார்கழியில் இதைப் பார்த்துவிட்டு வண்டிக்குச் செலவு வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் விஷயம் வேறு. எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் என்று ஒரு தகடு உண்டு. தீயையும் தண்ணீரையும் ஆயிலையும் ஒன்றோடு ஒன்று கலக்கவிடாமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அது எரிந்தோ பிய்ந்தோ போனால் தண்ணீர், எரிபொருள் எரியும் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். தீ அதை ஆவியாக்கி வெளியே தள்ளும். அப்போது ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், ஆனால் தரையில் ஒழுகிய தடம் இருக்காது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கலாம். இப்படிப்பட்ட வண்டியை ஓட்டவே கூடாது. நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, மறக்கவே கூடாதது. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள், பெரியவர்கள் திறக்கப் போனாலும் தடுங்கள். உள்ளே தண்ணீர், விசில் போட்ட குக்கரில் இருப்பது மாதிரி அழுத்தத்தில் இருக்கிறது. 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி கழன்று அழுத்தம் விட்டதும் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

இனி கறுப்பு. கார்த்திகை தீபத்தன்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வயல்வெளியில் நின்றாலே அண்ணாமலை உச்சியில் தீபம் தெரியும். மலையின் உயரம் 2,668 அடி. செப்புக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் காடாத் துணித் திரியும் என்று கணக்குச் சொல்வார்கள். 11 நாள் எரியும். அந்தக் கொப்பரையில் படிந்த கரியை எடுத்துத்தான் தீப மை செய்கிறார்கள். மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். உங்களில் பலர் நெற்றியில் வைத்திருப்பீர்கள்.

அந்தக் கரியும் காரின் கறுப்புப் புகையும் ஒரே வழியில்தான் பிறக்கின்றன. தீயின் நடுப்பகுதிக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேராது. அங்கே நெய் சூட்டில் உடைகிறது. கார்பன் எரிய வழியில்லாமல் மிக நுண்ணிய துகளாகத் திரள்கிறது. அந்தத் துகள்கள் சூட்டில் தகதகவென்று ஒளிர்வதுதான் தீபத்தின் மஞ்சள் வெளிச்சம்! தீயின் ஓரத்துக்கு வந்து ஆக்சிஜன் கிடைத்தால் எரிந்து மறைந்துவிடும். கிடைக்காதவை கரியாக வெளியேறும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்றே நடத்திய சொற்பொழிவுகளில் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் விளக்கினார். மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் வழி காட்டிய விஞ்ஞானி, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுவத்தி போதும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

ஆக, கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம், அல்லது காற்று குறைவு. இப்போது அந்த 9,000 லிட்டரை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு காற்றும் ஏர் ஃபில்டர் என்ற ஒரு சல்லடை வழியாகத்தான் போக வேண்டும். மணிலாக் கடலை பிடுங்கும் காலத்தில், நெல் அடிக்கும் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் பறக்கும் புழுதி தெரியும்தானே? ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெட்ரோல் வழக்கம்போல வரும், காற்று வராது. கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளில் இன்னும் ஒன்று: குளிரில் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்துவிட்டு உள்ளே தள்ள மறந்துபோவது. ஃபில்டரும் சோக்கும் செலவே இல்லாமல் பார்க்கக்கூடியவை. நல்ல மெக்கானிக் இவற்றை முதலில் பார்ப்பார். பிறகுதான் கார்புரேட்டரைக் கழற்றுவார்.

டீசல் வண்டியில் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தினால் அதுவே 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதற்குள் நாசில் என்ற நுண்துளை மூக்கு வழியாக டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். நாசில் நன்றாக இருந்தால் டீசல் பனிபோலத் தெறிக்கும். தேய்ந்து போனால் பெரிய துளிகளாக விழும். பெரிய துளியின் உட்பகுதிக்குக் காற்று போய்ச் சேராது. தீபத்தின் நடுப்பகுதியில் நடந்ததேதான் இங்கும் நடக்கும். அதனால்தான் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறார்கள்.

மணிலா விளையும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு ஊற்றியது கடலை எண்ணெய்! எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அப்படியானால் செக்கில் ஆட்டிய எண்ணெயை இன்றைய காரில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கடலை எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. நாசிலில் பனியாகத் தெறிக்காது, துளி பெரிதாகும், கரி படியும்.

இனி நீலம். எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாகத் தெரிவது இதுதான். எஞ்சின் ஆயில் நீல நிறமா? இல்லை. புது ஆயில் தேன் நிறம், பழசானால் கறுப்பு. பிறகு அது எரிந்து வரும் புகை மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது?

வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அலை. சிவப்பின் அலை நீளம், நீலத்தின் அலை குட்டை. கண்ணுக்குத் தெரியும் எல்லா அலைகளுமே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவுதான். வழியில் அந்த அலையைவிடவும் சின்னதான துகள் இருந்தால், அது நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் நான்கு பக்கமும் சிதறடிக்கும். சூட்டில் ஆவியான ஆயில் குழாயை விட்டு வெளியே வந்து குளிரும்போது அவ்வளவு சின்னத் துளிகளாகிறது. அதனால் நீலம். வானம் நீலமாக இருப்பதற்கும் காரணம் இந்தச் சிதறல்தான். அங்கே அந்த வேலையைச் செய்வது காற்றின் மூலக்கூறுகள். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று கேட்டார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்த்தான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டார்.

வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டுங்கள். டம்ளரைப் பக்கவாட்டில் பார்த்தால் இலேசான நீலம். எதிர்ப்பக்கம் போய் டார்ச்சை நேராகப் பார்த்தால் விளக்கு மஞ்சளாக, கொஞ்சம் சிவந்துகூடத் தெரியும், ஏனென்றால் நீலம் வழியிலேயே சிதறிப்போயிற்று. இன்னும் பால் ஊற்றினால் எல்லாம் வெள்ளைதான். பழைய காரின் ஆயில் புகையும் இப்படியே: இருட்டான புதர்ப் பின்னணியில் நீலம், வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்த்தால் பழுப்பு.

மற்ற இரண்டு நிறங்களுக்கும் இப்போது காரணம் புரிந்திருக்கும். தண்ணீர்த் துளி, ஒளியின் அலையைவிடப் பெரியது. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் வெள்ளை. கரித்துகள் எந்த நிறத்தையும் திருப்பித் தராமல் விழுங்கிவிடும், அதனால் கறுப்பு.

சில நேரம் ஆயில் புகை அடர்த்தியாகி வெளுத்துத் தெரிந்து ஏமாற்றும். எரியாத டீசலும் வெள்ளையாகவே வரும். அப்போது கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் துளிகள் சில அடி தூரம் போனதும் காற்றில் மறுபடி ஆவியாகிக் காணாமல் போகும். ஆயில் துளி அப்படி ஆவியாகாது. வண்டி போன பிறகும் தெருவில் தொங்கிக்கொண்டு நிற்கும், வாடை மூக்கில் ஏறும். மெக்கானிக் வாடை பிடித்தது இதற்காகத்தான்.

சரி, ஆயில் தீக்குள் எப்படிப் போகிறது? அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான கார். அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சிசி, நான்கு சிலிண்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் சிலிண்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியை அடைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டும் ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது ரிங்குகள். ஆண்டுக்கணக்கில் ஓடினால் ரிங்கும் தேயும், சுவரும் தேயும். வழிக்கப்படாத ஆயில் மேலே தங்கித் தீயில் எரியும்.

இன்னொரு வழி மேலேயிருந்து. சிலிண்டரின் வாசல்களைத் திறந்து மூடும் வால்வுகளின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்து வெடித்துவிட்டால் ஆயில் தண்டு வழியே கீழே இறங்கும். ரிங்கா, வால்வு சீலா என்று தெரியாமல் எஞ்சினை இறக்கினால் வீண் செலவு. அதற்குப் புகை வரும் நேரத்தைப் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், ராத்திரியெல்லாம் சீல் வழியே சொட்டி நின்ற ஆயில் அது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஜவ்வாது மலைப்பாதையில் இறங்குகிறீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கும்போது எஞ்சின் காற்று கிடைக்காமல் வெறுமையாக உறிஞ்சும். அந்த உறிஞ்சல் வால்வுத் தண்டு வழியே ஆயிலையும் இழுக்கும். அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் பின்னால் குபுக்கென்று நீலம் வந்தால், அதுவும் வால்வுப் பக்கத்துக் கோளாறுதான். மாறாக, எப்போது மிதித்தாலும் புகை, பளு ஏற ஏறப் புகை என்றால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பெட்ரோல் வண்டியில் ஓர் அழகான சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டு அளப்பார்கள். அழுத்தம் குறைவாக இருக்கிறது. ஆனால் ஒழுகுவது ரிங் வழியா, வால்வு வழியா? துளைக்குள் ஒரு சின்ன ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் பிஸ்டனைச் சுற்றிப் பரவி இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். இப்போது அழுத்தம் ஏறினால் குற்றவாளி ரிங். ஏறவில்லை என்றால் ஒழுகல் வேறெங்கோ. எஞ்சினைப் பிரிக்காமலே ஒரு ஸ்பூன் ஆயில் பதில் சொல்லிவிடுகிறது.

வால்வு சீல் மாற்றுவது ஒப்பிட்டால் சின்ன வேலை. ரிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கடைசல் போட்டுப் பெரிய பிஸ்டன் மாட்ட வேண்டும். செலவுக்குப் பயந்து சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையைக் கொஞ்ச நாள் மறைப்பார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். தேய்ந்தது தேய்ந்ததுதான். பின்னால் சைக்கிளில் வருகிறவர், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைகள், அவர்கள் நெஞ்சுக்குள் போவதை ஆயில் டப்பா தடுக்காது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் புகை. இதைவிட ஆபத்தானது தெரியாமலும் வரும். கார்பன் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூடிய கொட்டகைக்குள் கார் எஞ்சினை ஓடவிடவே கூடாது என்பது இதனால்தான். புதுக் கார்களின் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு பெட்டி இதைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களில் 1995 ஏப்ரலில் அதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்திய அம்பாசடரில் கிடையாது.

கண்ணால் பார்க்க முடியாததை எப்படி அளப்பது? மறுபடியும் ஒளிதான். புகைச் சோதனை மையத்தில் பெட்ரோல் வண்டியின் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு வாயுவை இழுத்து, அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துகிறார்கள். கார்பன் மோனாக்சைடு அந்தக் கதிரில் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட அலையை விழுங்கும். எவ்வளவு காணாமல் போயிற்று என்று பார்த்து எவ்வளவு வாயு என்று கருவி சொல்லிவிடும். டீசல் வண்டிக்கு நேரான வழி: ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் உணர்கருவி, நடுவே புகை. ரேஸ் கொடுக்கும்போது எவ்வளவு வெளிச்சம் தடைபடுகிறது என்று பார்ப்பார்கள். கீழ்பென்னாத்தூர் மெக்கானிக் கண்ணால் செய்ததையே இந்தக் கருவி எண்ணாகச் சொல்கிறது. தடைபடும் வெளிச்சத்தை ஹார்ட்ரிட்ஜ் என்ற அலகில் சொல்வார்கள். பழைய டீசல் வண்டிக்கு 65 அலகு வரை அனுமதி, பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 50. பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடு, மிகப் பழையவற்றுக்கு 3 சதவீதம், பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 0.3 சதவீதம்.

வீட்டில் கார் இருந்தால் அதன் புகைச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அளந்த எண்ணும் அனுமதித்த எல்லையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். போன தடவை எடுத்த சான்றிதழ் கிடைத்தால் அதையும் அருகில் வையுங்கள். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எண் ஏறிக்கொண்டே வருகிறது என்றால், புகை கண்ணில் படும்வரை காத்திருக்காமல் ஏர் ஃபில்டரிலிருந்து பார்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.